நிலாவரைக் கிட்டங்கியில் சிறுகோள்

தொலைநோக்கிக்குக் கருவி செய்கிற தொழிலில் கால்வாசி நேரம் கருவி செய்வதில் போகும். முக்கால்வாசி நேரம், என்ன செய்கிறோம் என்று அடுத்தவருக்கு விளக்குவதில் போகும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உங்கள் வேலையைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் பாதியில் பாயாச வாளியைத் தேடத் தொடங்கிய அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் இப்படி வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பாயாசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிறேன். சூரியனைச் சுற்றிக் கோள்களோடு ஏராளமான கற்களும் சுற்றுகின்றன. சிறுகோள்கள் என்று பெயர். பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அநேகமாக எல்லாமே ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் மாவு மாதிரித் தூசி படிந்திருக்கிறதா, சரளை கிடக்கிறதா, மொட்டைப் பாறையா என்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் கண் கூசாமல் இருக்க ஒரு கறுப்புக் கண்ணாடி போடுவார்கள் இல்லையா? அதைப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தால் தண்ணீரின் பளபளப்பு கூடும், குறையும். எங்கள் கருவி செய்வதும் அதேதான். தலையைச் சாய்ப்பதற்குப் பதிலாக உள்ளே ஒரு படிகத் தகடு சக்கரத்தில் சுற்றும். வெளிச்சம் கூடிக் குறைகிற அளவைப் பார்த்துத் தூசியா கல்லா என்று கணக்குப் போடலாம். சக்கரம் சுற்றவில்லை என்றால் அது வெறும் தகர டப்பா.

இந்த டப்பாவைத் தூத்துக்குடியில் ஒரு பழைய கிட்டங்கிக்குள், அதாவது சரக்குக் குடோனுக்குள் வைத்து நானும் சேவியர் அண்ணனும் செய்தோம். ஒளி சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு, உலோகம் சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் பெரியதாழை என்கிற மீனவர் ஊர்க்காரர். படகு எஞ்சின் வேலையில் ஆரம்பித்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் கடைகிற மெஷின் வரை கற்றுக்கொண்டு வந்தவர். கிட்டங்கியில் எங்களுக்கு முன்னால் ஏற்றுமதிக்கு நிலாவரை இலை மூட்டை போட்டிருந்தார்கள். மலச்சிக்கலுக்கு மருந்தாகப் போகிற இலை. நாங்கள் எத்தனை முறை வெள்ளையடித்தும் அந்த வாடை எங்களை விட்டுப் போகவில்லை.

அந்த அக்டோபரில் ஒரு சிறுகோள் பூமிக்குக் கொஞ்சம் பக்கமாக வந்து போக இருந்தது. மறுபடி அவ்வளவு பக்கத்தில் வரும்போது நாங்கள் யாரும் இருக்க மாட்டோம். வடக்கே பனிமலை மேல் இருக்கிற ஒரு தொலைநோக்கியில் எங்கள் கருவியை மாட்டிப் பார்க்க அப்போது அனுமதி கிடைத்தது. நன்றாக வேலை செய்தால் அங்கேயே நிரந்தரமாக இருக்கும். சொதப்பினால் கழற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், எங்கள் கடையையும் மூட வேண்டியதுதான். கிட்டங்கி உரிமையாளர் பால்துரை அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. எதற்கும் இருக்கட்டும் என்று பழைய நிலாவரைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார்.

அண்ணாச்சியின் துண்டு

கிட்டங்கியை இரண்டு அறையாகத் தடுத்திருந்தோம். முதல் அறையில் தூசி வரவே கூடாது. அங்கேதான் லென்ஸும் படிகத் தகடும் மாட்டுவது. இரண்டாவது அறையில் தூசியைத் தவிர வேறொன்றும் கிடையாது. அங்கே நாங்களே சிறுகோள் செய்தோம். சிமெண்டு உருண்டை பிடித்து, அதன் மேல் கரித்தூள், தேரிக்காட்டுச் செம்மணல், சலித்த பாறைப் பொடி என்று விதவிதமாகத் தூவி, கை படாமல், மூச்சுக்கூட படாமல் வைத்திருந்தோம். எந்தத் தூசிக்கு வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று இங்கே பார்த்து வைத்தால்தான் மேலே இருக்கிறதைக் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு நாள் நான் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது இரண்டாவது அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அண்ணாச்சி. பலசரக்குக் கடைக்காரர்களின் தோள் துண்டைக் கவனித்திருக்கிறீர்களா? அது வியர்வை துடைக்க இருப்பதாக நாம் நினைப்போம். கல்லாப்பெட்டி, தராசு, டால்டா டப்பா என்று எதன் மேல் தூசி தெரிந்தாலும் ஒரே விசிறாக விசிறத்தான் அது தோளில் கிடக்கிறது. அண்ணாச்சி எங்கள் சிறுகோள்களை வரிசையாகத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுக் கடைசி உருண்டையைக் கையில் எடுத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் சேவியர் அண்ணன் ஸ்பானரோடு ஓடி வந்துவிட்டார். ஒரு மாத வேலை போச்சு. அண்ணாச்சிக்கோ, நன்றி சொல்லாததே வருத்தம்.

"அந்த ரூம்ல தூசி வந்தா கத்துத, இந்த ரூம்ல தூசி போனா கத்துத. அப்ப நான் எந்த ரூம்லதாம்ளா துண்டை ஒதற?"

ஆறுமுகநேரி வெயில்

உருண்டைகளில் பார்த்தது போதாது, நிஜ வெயிலில், தூரத்தில் இருக்கிற ஒரு பொருளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டம் வந்தது. எங்களுக்கு அதற்கு ஆறுமுகநேரி உப்பளத்தை விட்டால் வேறு இடம் ஏது? ஒரே உப்புதான், ஆனால் கல்லாகக் கிடந்தால் ஒரு மாதிரியும் தூளாகக் கிடந்தால் வேறு மாதிரியும் வெளிச்சத்தைத் திருப்பும். சாலை ஓரத்தில் முக்காலி போட்டு, சின்னத் தொலைநோக்கியில் கருவியை மாட்டி, சேவியர் அண்ணன் குடை பிடிக்க, நான் குவியல் குவியலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேல் வெயில் பட்டால் அண்ணன் கவலைப்படவில்லை. கருவி மேல் பட்டால் பதறினார்.

அளத்து மேஸ்திரி மொபெட்டில் வந்து இறங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் அதிகாரிகளோ என்று முதலில் அவருக்குப் பயம். இல்லை என்று தெரிந்ததும் அதிகாரம் வந்துவிட்டது. நான் விளக்கினேன். கடைசியில் இருக்கிற குவியல் மட்டும் நைஸாக அரைத்த உப்பு என்று கருவி சொல்கிறது, சரிதானா என்றும் கேட்டேன். சரிதான் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். அவர் முகத்திலோ ஒரு ஆச்சரியமும் இல்லை.

"உப்பு என்ன எந்திச்சு ஓடவா போவுது? இங்கனதான கெடக்கு! பக்கத்துல வந்து ஒரு கை அள்ளுனா தெரிஞ்சிட்டுப் போவுது. இதுக்குப் போயி இம்புட்டு தூரத்துல நின்னு வேவு பாக்குதிய!"

பெட்டியைத் திறக்காதே

வெளிச்சத்தை வாங்குகிற சென்சார் வெளிநாட்டிலிருந்து, நாங்கள் கேட்டிருந்த கனமான கல் மேசையோடு சேர்ந்து கப்பலில் வந்தது. துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுப்பது காயல்பட்டினத்து சாகுல் காக்கா. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். முந்திரிக்கொட்டையும் மரத்தடியும் விடுவித்துப் பழகியவர். "என்ன சரக்குன்னு கேட்டா என்னம்மா சொல்ல?" என்று தினம் போன் செய்வார். நானும் தினம் விளக்குவேன். கடைசியில் 'கேமரா மாதிரி' என்று சொல்லிவிட்டார். வந்தது வினை. கேமரா என்றால் திறந்து பார்க்க வேண்டும் என்றார் சுங்க அதிகாரி. பெட்டியின் மேலோ, தூசியும் ஈரமும் இல்லாத அறையில் மட்டுமே திறக்கவும் என்று பெரிதாக ஒட்டியிருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் தூசியும் ஈரமும் இல்லாத இடத்துக்கு எங்கே போவது?

அதிகாரி நியாயமான மனிதர். நானே உங்கள் அறைக்கு வந்து பார்க்கிறேன் என்று பெட்டியோடு வந்துவிட்டார். வாசலில் சேவியர் அண்ணன் நின்றார். தூசி விஷயத்தில் அவருக்கு ஆள், அந்தஸ்து என்று எந்த வித்தியாசமும் கிடையாது. ஷூவைக் கழற்றச் சொன்னார். வாட்சைக் கழற்றச் சொன்னார். சட்டைப் பையில் இருந்த பேனா, சீப்பு, கைக்குட்டை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைக்கச் சொன்னார். தலைக்கு ஒரு தொப்பி, முகத்துக்கு ஒரு மாஸ்க், மேலே ஒரு அங்கி, காற்று ஊதுகிற குழாய்க்கு முன்னால் கையைத் தூக்கி ஒரு சுற்று. அதற்கு அப்புறம்தான் உள்ளே விட்டார். அதிகாரி எட்ட நின்று சென்சாரைப் பார்த்தார், தலையாட்டினார், வெளியே வந்து தட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டே சொன்னார்.

"இத்தனை வருச சர்வீஸ்ல ஆளுகளைச் சோதனை போட்டுத்தாம்மா பழக்கம். நான் சோதனைக்கு நின்னது இன்னைக்குத்தான்."

மந்திரிப்பு

பெரியதாழையில் எந்தப் படகும் கோவில் சாமியார், அதாவது ஃபாதர், வந்து ஜெபித்து மந்திரிக்காமல் தண்ணீரைத் தொடாது. அது சேவியர் அண்ணனுக்குப் படகோடு நிற்கிற விஷயம் இல்லை. வீடு, பைக், கிரைண்டர் எல்லாமே மந்திரித்த பிறகுதான் ஓடும். கருவியை மலைக்கு அனுப்புகிற வாரம், "மந்திரிக்காம எப்படி அனுப்ப?" என்று ஆரம்பித்தார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. என் பயமெல்லாம் தீர்த்தத்தைப் பற்றித்தான். உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர். ஒரு சொட்டு தகட்டில் விழுந்தால் முடிந்தது கதை. ரொம்ப நேரம் பேசி, கருவியைப் பெட்டியில் வைத்து, மூடி, ஆணியடித்த பிறகு பெட்டிக்கு மட்டும் மந்திரிப்பு என்று ஒப்பந்தம் ஆனது.

வந்த ஃபாதர் இளவயதுக்காரர். நாங்கள் செய்கிற வேலையை மூச்சுக் காட்டாமல் கேட்டார்; நான் விளக்கியவர்களில் பாதியில் எழுந்து போகாத ஒரே ஆள் அவர்தான். பெட்டி மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, படகென்றால் வலை நிறைய வேண்டும் என்று ஜெபிப்போம், இதற்கு என்ன வேண்ட வேண்டும் என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே சேவியர் அண்ணன் முந்திக்கொண்டார்.

"மேகம் மட்டும் வரப்பிடாது சாமி. போன ஞாயித்துக்கெழம பூசையில மழை வேணும்னு ஜெபிச்சீங்கள்ல, அதுல அந்த மலையை மட்டும் கழிச்சிருங்க."

சுற்றாத சக்கரம்

பனிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் கீழே இறக்க முடியாமல் நடந்தார். அங்கே தொலைநோக்கிக்குப் பொறுப்பு ராகவன் என்கிற வானியல்காரர். கும்பகோணத்துக்காரர். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர் மாதிரிப் பேசுவார். கீழ் அறையில், ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் கருவியைப் போட்டுக் காட்டினோம். சக்கரம் அழகாகச் சுற்றியது. ராகவன் "ம்" என்றார். மேலே கொண்டுபோய்த் தொலைநோக்கியில் மாட்டினோம்.

மறுநாள் காலையில் சோதித்தால் மோட்டார் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. அன்று ராத்திரி ஒன்றுதான் எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம். அதற்கு அப்புறம் தொலைநோக்கி வேறு ஆட்களுக்கு. அந்தக் கல்லும் விலகிப் போய்க்கொண்டிருந்தது. கழற்றிக் கீழே கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். சக்கரத்தின் அச்சில், பல்லில், எங்கே பார்த்தாலும் மஞ்சளாகப் படகு கிரீஸ். குளிரில் மெழுகாக இறுகிக் கிடந்தது. அந்தச் சக்கரத்துக்கு எந்த எண்ணெயும் கூடாது என்று என் வரைபடத்தில் சிவப்பில் போட்டிருந்தேன். வரைந்தது நான், கடைந்தது அண்ணன், அவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆனால் தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் காற்றுக்குக் கேட் கீல், சைக்கிள் செயின், ஜன்னல் கொக்கி எல்லாம் வருசம் திரும்புவதற்குள் துருப்பிடித்து உதிரும். கிரீஸ் தடவாத இரும்பைப் பார்த்தால் எங்களுக்குக் குளிப்பாட்டித் துவட்டாமல் விட்ட குழந்தையைப் பார்ப்பது போல இருக்கும். அண்ணன் கிரீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"பெட்டிய மூடையில மனசு கேக்கல தங்கச்சி."

ஏச்சு

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். வருசக்கணக்கில் கட்டியதை ஒரு விரல் கிரீஸ் கவிழ்த்துவிட்டது. அதைவிடப் பெரிய கோபம், அவர் அதை அலட்சியத்தில் செய்திருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். பாசத்தில் செய்தவரை எப்படித் திட்டுவது? வாய் வரைக்கும் வந்துவிட்டது. "அண்ணே" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

அவர் அதற்குள் உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பல் பல்லாகத் துடைக்க ஆரம்பித்தார். குளிரில் விரல் மடங்கவில்லை என்று ஸ்வெட்டர் கைகளைச் சுருட்டிவிட்டு, அடிக்கடி விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டார். படிகத் தகட்டைப் பிடிக்கிற வளையம் மயிரிழை நகர்ந்தாலும் கணக்கு மொத்தமும் தப்பு. அதை அவர்தான் திருப்பி மாட்ட வேண்டும். எனக்கு அந்தக் கை கிடையாது. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஏசுததா இருந்தா சாயங்காலம் ஏசு, தங்கச்சி. இப்ப ஏசுனா கை நடுங்கும்."

"ம்"

இருட்டுவதற்குச் சற்று முன்பு சக்கரம் சுற்றியது. குளிரில், மேலே, தொலைநோக்கியில் மாட்டியபடியே சுற்றியது. அதை நான் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு மூச்சு விடக்கூடத் தோன்றவில்லை. இருட்டியதும் கல்லின் புள்ளி திரையில் வந்தது; தகடு திரும்பத் திரும்ப வெளிச்சம் கூடியது, குறைந்தது. எண்கள் வந்துகொண்டே இருந்தன. ராகவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ ஒரு சொல் வரவில்லை. பார்த்து முடித்ததும், கணக்குப் போட்டுவிட்டுக் காலையில் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

காலையில் நாங்கள் இருவரும் காலிப் பெட்டியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு போய் நின்றோம். திருப்பி அனுப்புவதாக இருந்தால் கழற்றுவதற்கு நாமே தயாராக இருப்போம், அதிலாவது மரியாதை மிஞ்சட்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். ராகவன் டீயோடு வந்தார். ஒரு தாளைக் காட்டினார். கல்லின் மேல் தூசி கொஞ்சம்தான், பெரும்பாலும் சரளை. நீங்கள் எடுத்த அளவில் சந்தேகத்துக்கு இடமில்லை என்றார். என் வாழ்க்கையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துவிட்டு, "எதுக்கு? கழட்ட வேண்டாம். அது இங்கயே இருக்கட்டும்" என்றார். நான் அழுதேன். அண்ணன் அழவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார், குளிரில் கண்ணில் தண்ணீர் வந்ததாம். ஸ்வெட்டர் கையால் முகத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, காலிப் பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"அப்ப இந்தப் பெட்டியில என்னத்த சார் ஊருக்குக் கொண்டு போவ?"

ராகவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆப்பிள் சீசன்."

இத்தனை பாடுபட்டு இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: யாரும் பாராட்ட மாட்டார்கள், நாம் செய்த பொருளைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அதுதான் பாராட்டு என்று புரிந்துகொண்டு ஆப்பிளைச் சுமந்து வந்துவிட வேண்டும்.